தையல் மிஷின் யாருக்குச் சொந்தம்?

கையால் தைக்கும் ஊசியை எடுத்துப் பாருங்கள். நூல் கோக்கிற காது, ஊசியின் தலைப் பக்கத்தில் இருக்கிறது. தையல் மிஷினில் மாட்டும் ஊசியைப் பாருங்கள். அதன் காது, கூர்மையான முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பார்க்கச் சிறிய மாறுதல்தான். ஆனால் இந்த மாறுதல் இல்லாவிட்டால் நாம் அறிந்த தையல் மிஷின் இல்லை. இந்த ஊசிக்காக அமெரிக்காவில் பெரும் வழக்கு நடந்தது. பழைய பத்திரங்களைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். பரணில் கிடந்த துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் சாட்சிக்கு வந்தன. முடிவில், கையில் காசில்லாமல் நின்ற ஒரு தொழிலாளி பெரும் செல்வர் ஆனார்.

அவர் பெயர் எலியாஸ் ஹவ்.

குடியானவர் மகன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1819-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி எலியாஸ் ஹவ் பிறந்தார். தந்தை குடியானவர். மாவு அரைக்கும் மில் ஒன்றும் வைத்திருந்தார். வீட்டில் எட்டுக் குழந்தைகள். எல்லோரும் உழைத்தால்தான் சாப்பாடு.

ஆறு வயதிலேயே எலியாசுக்கு வேலை வந்துவிட்டது. பஞ்சைச் சிக்கெடுக்கும் தோல் பட்டைகளில் கம்பிப் பற்களைக் குத்தி வைக்க வேண்டும். அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து அதைச் செய்தார்.

அவருக்குப் பிறவியிலேயே கால் ஊனம். ஏர் பிடிக்கவும் மூட்டை தூக்கவும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் மிஷின் ஓடும் இடத்தைக் கண்டால் போதும். அங்கேயே நின்று விடுவார்.

1835-ம் ஆண்டு, 16-வது வயதில், லோவல் என்ற ஊருக்குப் போனார். அது நூல் ஆலைகள் நிறைந்த ஊர். ஆலை மிஷின்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1837-ல் அமெரிக்கா முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆலைகள் மூடப்பட்டன. எலியாஸ் வேலை தேடி பாஸ்டன் நகரத்துப் பக்கம் வந்தார்.

பாஸ்டனில் டேவிஸ் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். கப்பல்களுக்கு வேண்டிய கருவிகளையும் நுட்பமான சாமான்களையும் அங்கே செய்தார்கள். அந்தப் பட்டறையில் எலியாசுக்கு இடம் கிடைத்தது.

காதில் விழுந்த பேச்சு

ஒரு நாள் பட்டறைக்கு யாரோ வந்தார்கள். பின்னல் மிஷின் ஒன்றைப் பற்றிப் பேச்சு நடந்தது. பின்னல் மிஷின் எதற்கு, தையல் மிஷின் செய்தால் என்ன என்று டேவிஸ் கேட்டார். அது நடக்காத காரியம் என்றார் வந்தவர். அப்படி ஒருவன் செய்துவிட்டால், அவன் பெரும் பணக்காரன் ஆகிவிடுவான் என்றும் சொன்னார்.

மூலையில் வேலை செய்துகொண்டிருந்த எலியாஸ் இதைக் கேட்டார். அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது.

1841-ல் அவருக்குக் கலியாணம் நடந்தது. மனைவி பெயர் எலிசபெத். அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் பிறந்தன. வாரச் சம்பளம் 9 டாலர். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போதவில்லை. எலிசபெத் அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கி வந்து தைத்தாள். குழந்தைகள் தூங்கிய பிறகும் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தாள்.

வேலை முடிந்து வரும் எலியாஸ், களைத்துப் போய்ப் படுக்கையில் கிடப்பார். கண் மட்டும் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. கை போய் வருகிறது. இந்த வேலையை இரும்பு செய்யாதா என்று யோசித்தார்.

முதலில் கையைப் போலவே மிஷினும் தைக்க வேண்டும் என்று எண்ணினார். இரண்டு பக்கமும் கூர் உள்ள ஊசி செய்தார். நடுவில் காது வைத்தார். பல மாதம் பாடுபட்டும் தையல் விழவில்லை.

பிறகு ஒரு நாள் வேறு வழி தோன்றியது. கையைப் போலவே மிஷின் தைக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு நூலுக்குப் பதில் இரண்டு நூல் இருந்தால் என்ன? ஊசியின் காதை முனைக்குக் கொண்டு போனால் என்ன?

இதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. காட்டு மனிதர்கள் ஈட்டியோடு தம்மைச் சூழ்ந்ததாக அவர் கனாக் கண்டாராம். ஒவ்வோர் ஈட்டியின் முனையிலும் ஓர் ஓட்டை இருந்ததாம். விழித்ததும் ஊசி முனையில் காது வைத்தாராம். கதை எப்படியோ, ஆலை மிஷின்களோடு பழகிய கண்ணுக்குத் தறியின் நாடா துணை செய்தது.

தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஹவ் செய்த ஏற்பாடும் அதுதான். முனையில் காதுள்ள ஊசி, நூலோடு துணிக்குள் பாய்கிறது. சற்றுப் பின்வாங்கும்போது மறுபக்கத்தில் நூல் ஒரு வளையமாக நிற்கிறது. அந்த வளையத்துக்குள் சிறு நாடா இரண்டாவது நூலோடு ஓடுகிறது. ஊசி திரும்பியதும் இரண்டு நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தையல் பூட்டு விழுந்ததுபோல் நிற்கிறது. ஒரு முனையை இழுத்தால் அவிழாது.

1844-ம் ஆண்டு அக்டோபரில் மரத்தாலும் கம்பியாலும் ஒரு மாதிரி செய்து பார்த்தார். வழி சரிதான் என்று தெரிந்தது. ஆனால் இரும்பு வாங்கப் பணம் இல்லை.

நண்பர் கொடுத்த கை

பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் பிஷர் என்பவர் கரியும் விறகும் விற்று வந்தார். ஹவ்வின் பள்ளித் தோழர். அவர் ஹவ்வின் குடும்பத்தைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மிஷின் செய்ய 500 டாலர் கொடுக்கவும் சம்மதித்தார். மிஷினுக்கு உரிமை கிடைத்தால் அதில் பாதி தமக்கு என்பது பிஷரின் நிபந்தனை.

1845-ம் ஆண்டு ஏப்ரலில் மிஷின் முதல் தையல் தைத்தது. ஜூலையில் இரண்டு முழு உடுப்புகளை அதிலேயே தைத்தார். ஒன்று பிஷருக்கு, ஒன்று தமக்கு.

பாஸ்டனில் குவின்ஸி ஹால் என்ற துணிக்கடையில் ஒரு போட்டி வைத்தார்கள். பத்துத் தையல்கள் தயார் செய்யப்பட்டன. ஐந்து பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று. மிஷினுக்கு ஐந்து. அந்தப் பெண்கள் ஒரு தையலை முடிப்பதற்குள் மிஷின் தன் ஐந்தையும் முடித்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் 250 தையல் போட்டது!

எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. ஒரு மிஷின் விலை சுமார் 300 டாலர். அது தொழிலாளியின் பல மாதச் சம்பளம். தையற்காரர்களோ, இது வந்தால் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சினார்கள்.

அந்த அச்சம் புதிதல்ல. பிரான்சு நாட்டில் திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு தையல் மிஷினுக்கு உரிமை பெற்றார். பாரிஸில் அவருடைய பட்டறைக்குள் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து மிஷின்களை உடைத்துப் போட்டார்கள்.

பேடண்ட் என்றால் என்ன?

மிஷின் விற்கவில்லை. ஆனாலும் ஹவ் ஒரு காரியத்தை மறக்காமல் செய்தார். வாஷிங்டன் போய் அதற்கு பேடண்ட் வாங்கினார்.

பேடண்ட் என்பது சர்க்கார் கொடுக்கும் தனியுரிமைப் பத்திரம். தமிழில் காப்புரிமை என்கிறோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதன் ரகசியத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். படம் வரைந்து காட்ட வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் சிறு மாதிரியும் செய்து வைக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சர்க்கார் அவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. இத்தனை வருஷத்துக்கு உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்பதே அந்த வாக்கு. அப்போது அதன் காலம் 14 வருஷம். காலம் முடிந்ததும் அது ஊர்ப் பொதுச் சொத்து ஆகிவிடும்.

கேட்டவருக்கெல்லாம் பேடண்ட் கொடுத்து விடுவதில்லை. 1836-ல் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. விண்ணப்பம் வந்ததும் பரிசோதகர்கள் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். இது உண்மையில் புதிதா, முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுவார்கள். புதிது என்று கண்டால்தான் முத்திரை விழும்.

ஹவ்வுக்கு 1846-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி பேடண்ட் கிடைத்தது. அதன் எண் 4750. அந்தக் காகிதம் அன்று சோறு போடவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது அதுதான்.

லண்டனில் பட்ட பாடு

அமெரிக்காவில் விற்காத மிஷினை இங்கிலாந்தில் விற்கலாம் என்று தோன்றியது. ஹவ்வின் சகோதரர் அமாசா அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். லண்டனில் வில்லியம் தாமஸ் என்பவர் பெண்கள் அணியும் இறுக்குக் கச்சைகள் செய்து விற்று வந்தார். அவர் 250 பவுனுக்கு மிஷினையும் இங்கிலாந்து உரிமையையும் வாங்கிக்கொண்டார். அங்கே பேடண்டைத் தம் பெயரிலேயே பதிவு செய்தார். விற்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் 3 பவுன் தருவதாகச் சொன்னார் என்பது ஹவ் தரப்புச் செய்தி. சொன்னது வாய்ச்சொல். எழுத்தில் இல்லை. பணமும் வரவில்லை.

1847-ல் ஹவ்வே லண்டன் போய் தாமஸிடம் வாரம் 3 பவுன் சம்பளத்துக்கு வேலை செய்தார். மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் மனஸ்தாபம் வந்தது. வேலை போயிற்று. அன்னிய நாட்டில் குடும்பம் தவித்தது. எலிசபெத்துக்கு க்ஷயரோகம். ஹவ் கடன் வாங்கி மனைவியையும் குழந்தைகளையும் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பிறகு தாம் திரும்பும் செலவுக்கு மிஷினையும் பேடண்ட் பத்திரத்தையும் அடகு வைத்தார்.

1849-ம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். கையில் சில்லறைதான் மிச்சம். மனைவி கேம்பிரிட்ஜில் சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வந்தது. ரயிலுக்குப் பணமில்லை. தந்தை 10 டாலர் அனுப்பினார். ஓடிப் போய்ச் சேர்ந்தார். கடைசி மூச்சைத்தான் பார்க்க முடிந்தது.

எந்தக் கை தைப்பதைப் பார்த்து மிஷின் செய்தாரோ, அந்தக் கை ஓய்ந்துவிட்டது. சவ ஊர்வலத்தில் போக நல்ல துணிகூட இல்லை. உலகத்துக்கே துணி தைக்க மிஷின் செய்தவர், மைத்துனரின் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். சில நாளில் இன்னொரு செய்தி வந்தது. அவருடைய வீட்டுச் சாமான்கள் வந்த கப்பல் உடைந்து போயிற்று. தாயில்லாத மூன்று குழந்தைகளோடு நின்றார்.

ஊரெல்லாம் தையல் மிஷின்

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவர் இல்லாத இரண்டு வருஷத்தில் அமெரிக்கா மாறியிருந்தது. பல ஊர்களில் தையல் மிஷின் செய்து விற்றார்கள். பெயர் வேறு, உருவம் வேறு. உள்ளே எட்டிப் பார்த்தார். முனையில் காதுள்ள ஊசி! வளையத்துக்குள் ஓடும் நாடா! எல்லாம் அவருடைய ஏற்பாடு.

முதல் வேலையாக, லண்டன் சென்ற ஒருவர் மூலம் பணம் அனுப்பி, அடகிலிருந்த மிஷினையும் பத்திரத்தையும் மீட்டார். வழக்குப் போடப் பணம் வேண்டுமே? பிஷர் ஏற்கெனவே நிறையச் செலவழித்து ஓய்ந்திருந்தார். அவருடைய பாதி உரிமையை ஜார்ஜ் பிளிஸ் என்பவர் வாங்கிக்கொண்டு பணம் போட்டார். அந்தக் கடனுக்கு ஈடாக ஹவ்வின் தந்தை தம் நிலத்தை அடமானம் வைத்தார்.

ஹவ் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். என் உரிமைக்குப் பணம் கொடுத்துவிட்டு மிஷின் செய்யுங்கள் என்றார். சிலர் சம்மதித்தார்கள். பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பெரிய புள்ளி ஐசக் சிங்கர்.

சிங்கரின் மிஷின்

சிங்கர் என்ற பெயரைத் தையல் மிஷின் மேல் பார்க்காதவர் இல்லை. அவர் முன்னாளில் நாடக நடிகர். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதான தையல் மிஷின் ஒன்றைப் பார்த்தார். அதைத் திருத்திப் புதிய மாதிரியில் ஒன்று செய்தார். 1851-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அவருக்கும் பேடண்ட் கிடைத்தது.

சிங்கரின் மிஷின் நல்ல மிஷின் என்பதை மறுக்க முடியாது. ஹவ்வின் மிஷினில் வளைந்த ஊசி பக்கவாட்டில் போய் வந்தது. துணியைச் சிறு முள்களில் மாட்டித் தொங்கவிட வேண்டும். கொஞ்ச தூரம் தைத்ததும் நிறுத்தி, மறுபடி மாட்ட வேண்டும். சிங்கரின் மிஷினில் நேரான ஊசி மேலும் கீழும் போயிற்று. துணி மேஜை மேல் கிடந்தது. அதை அழுத்திப் பிடிக்க ஒரு பாதம் இருந்தது. நிறுத்தாமல் தைக்கலாம்.

அப்படியானால் இரண்டும் வேறு வேறு மிஷின்தானே? சிங்கர் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

இங்கேதான் பேடண்டைப் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு மிஷின்களும் பார்வைக்கு ஒன்று போல் இருக்கின்றனவா என்று கோர்ட்டு பார்ப்பதில்லை. பேடண்டின் கடைசிப் பகுதியில், என் கண்டுபிடிப்பு இன்னது, இதற்கு மட்டும் உரிமை கேட்கிறேன் என்று எழுதியிருக்கும். அந்த வாசகம்தான் நிலத்துக்கு நான்கு எல்லை போட்டது போன்றது. எதிராளியின் மிஷின் அந்த எல்லைக்குள் காலை வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பாகமாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஹவ் எழுதியிருந்ததன் சாரம், ஊசியும் நாடாவும் சேர்ந்து இரண்டு நூலைப் பூட்டும் ஏற்பாடு. சிங்கரின் மிஷினில் அது இருந்தது. மற்றப் பாகங்கள் எத்தனை சிறப்பாக இருந்தாலும் சரி, அடிப்படை ஹவ்வுடையது. அடுத்தவர் மனையில் அழகான மாடி வீடு கட்டலாம். அதனால் மனை நம்முடையது ஆகிவிடாது.

பரணில் கிடைத்த சாட்சி

சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் ஒரு வக்கீல். இந்த வழக்கில் தப்ப ஒரே வழிதான் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஹவ்வுக்கு முன்பே வேறு யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால், ஹவ்வின் கண்டுபிடிப்புப் புதியது அல்ல. புதியது அல்ல என்றால் பேடண்ட் செல்லாது.

உடனே தேடுதல் வேட்டை தொடங்கியது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழைய கண்டுபிடிப்புகளைத் துருவினார்கள். பிரெஞ்சுக்காரர் திமோனியேயின் மிஷின் பயன்படவில்லை. அது கொக்கி ஊசியால் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. ஹவ்வின் இரட்டை நூல் பூட்டு அதில் இல்லை.

இங்கிலாந்தில் தாமஸ் செயிண்ட் என்பவர் 1790-லேயே தோல் தைக்கும் மிஷினுக்கு பேடண்ட் வாங்கியிருந்தார். ஆனால் அது செருப்பு, பசை, வார்னிஷ் சம்பந்தமான விஷயங்களோடு ஒரே பத்திரத்தில் கலந்து கிடந்தது. தையல் என்று தேடியவர் கண்ணில் அது படவில்லை. 1870-களில்தான் ஒருவர் தற்செயலாக அதைக் கண்டெடுத்தார். சரியான கட்டில் வைக்காத பத்திரம், இருந்தும் இல்லாதது போலத்தான். அதுவும் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான்.

கடைசியில் நியூயார்க்கிலேயே ஓர் ஆள் அகப்பட்டார். அவர் பெயர் வால்ட்டர் ஹன்ட்.

ஹன்ட் மகா புத்திசாலி. எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். ஆனால் எதையும் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் ஊக்கு அவர் கண்டுபிடித்ததுதான். 1849-ல் அதற்கு பேடண்ட் வாங்கினார். கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

இந்த ஹன்ட், 1832-க்கும் 1834-க்கும் இடையில், நியூயார்க்கில் ஒரு தையல் மிஷின் செய்திருந்தார். முனைப் பக்கம் காதுள்ள ஊசி. நூலோடு ஓடும் நாடா. இரட்டை நூல் பூட்டுத் தையல். ஹவ் கண்டுபிடிப்பதற்கு பத்து வருஷத்துக்கு முன்பே!

ஹன்ட் அதற்கு பேடண்ட் கேட்கவில்லை. ஏரோஸ்மித் என்பவருக்கு உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவரும் செலவுக்கு அஞ்சிச் சும்மா இருந்துவிட்டார். பிறகு ஒரு சமயம் ஹன்ட் தம் மகளிடம், மிஷின் வைத்துக் கச்சை தைக்கும் தொழில் செய்யலாம் என்றார். ஏழைத் தையற்காரிகளின் வயிற்றில் அடித்தது போலாகும் என்று மகள் மறுத்துவிட்டாள். மிஷின் பரணுக்குப் போயிற்று.

சிங்கரின் ஆட்கள் அந்தப் பரணைத் தேடிப் பிடித்தார்கள். துருவேறிய உடைந்த பாகங்கள் கிடைத்தன. முன்பு அதைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். 1853-ல் ஹன்ட் பேடண்டுக்கு விண்ணப்பம் போட்டார். தையல் மிஷினை முதலில் கண்டவர் நான்தான் என்றார்.

ஹவ்வுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். மனைவி போனாள். சொத்துப் போயிற்று. தந்தையின் நிலம் அடமானத்தில் இருக்கிறது. மிஞ்சியிருந்த ஒரே காகிதமும் இப்போது ஆட்டம் கண்டது.

தீர்ப்பு

பேடண்ட் ஆபீசின் தலைமை அதிகாரி சார்லஸ் மேசன் விசாரித்தார். 1854-ம் ஆண்டு மே மாதம் முடிவு சொன்னார்.

ஹன்ட் முதலில் கண்டுபிடித்தார் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். சாட்சியம் அதைத்தான் காட்டியது. ஆனால் ஹன்ட் அதை ஏறக்குறைய இருபது வருஷம் கைவிட்டுக் கிடந்தார். அவரால் உலகத்துக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை. அதற்குள் இன்னொருவர், இவரைப் பற்றி ஒன்றும் அறியாமல், தம் சொந்த உழைப்பால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ரகசியத்தை எழுதிப் பொதுமக்கள் முன் வைத்தார். தூங்கியவர் இப்போது எழுந்து வந்து, விழித்திருந்தவரின் உரிமையைப் பறிக்க முடியாது. ஹவ்வின் பேடண்ட் நிலைத்தது.

அதே வருஷம் மாசசூசெட்ஸ் மத்திய கோர்ட்டில் இன்னொரு வழக்கில் நீதிபதி ஸ்ப்ரேக் தீர்ப்பளித்தார். தையல் மிஷினால் மக்கள் அடைந்த நன்மைக்கு அவர்கள் நன்றி செலுத்த வேண்டியது ஹவ்வுக்குத்தான் என்று அவரும் கூறினார்.

சிங்கர் இறங்கி வந்தார். 15,000 டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டார். மற்றக் கம்பெனிகளும் மிஷினுக்கு 25 டாலர் வீதம் ஹவ்வுக்குக் கட்டத் தொடங்கின.

எல்லோரும் ஒரே கட்டில்

ஆனால் சண்டை ஓயவில்லை. ஒரு புது வகைத் தலைவலி முளைத்தது.

பேடண்ட் என்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. தாமே மிஷின் செய்ய அது போதாது. நல்ல மிஷின் செய்ய ஹவ்வின் ஊசியும் நாடாவும் வேண்டும். ஆலன் வில்சன் கண்ட, துணியை நகர்த்தும் பற்கள் வேண்டும். சிங்கரிடம் இருந்த உரிமைகளும் வேண்டும். ஒருவர் இல்லாமல் ஒருவர் நடக்க முடியாது. ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டார்கள். வக்கீல்கள்தான் கொழுத்தார்கள்.

1856-ல் ஆல்பனி நகரத்தில் எல்லோரும் கூடினார்கள். கம்பெனித் தலைவர்களில் ஒருவரும் வக்கீலுமான ஆர்லண்டோ பாட்டர் ஒரு யோசனை சொன்னார். எல்லா பேடண்டையும் ஒரு பெட்டியில் போடுவோம். மிஷின் செய்ய விரும்புகிற யாரும் மிஷினுக்கு 15 டாலர் கட்டட்டும். அதை நமக்குள் பங்கிட்டுக்கொள்வோம். இதுதான் யோசனை. எல்லோரும் சம்மதித்தார்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் ஹவ்வுக்கு 5 டாலர். வெளிநாட்டுக்குப் போகும் மிஷினுக்கு 1 டாலர்.

சண்டை நின்றதும் வியாபாரம் பெருகியது. அக்காலத்து மிஷின் கம்பெனி ஒன்று வெளியிட்ட கணக்குப்படி, ஆண்களின் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிஷம் ஆயிற்று. மிஷினில் 1 மணி 16 நிமிஷம்! விளக்கடியில் கண் கெடத் தைத்த பெண்களின் இரவு குறைந்தது.

செல்வம் வந்த பிறகு

1860-ல் ஹவ்வின் பேடண்ட் இன்னும் ஏழு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அவருடைய பங்கு குறைக்கப்பட்டது. ஆனாலும் மொத்தத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். வாரம் 9 டாலர் வாங்கியவருக்கு அது மலை போன்ற பணம்.

பணம் வந்ததும் தலை கனக்கவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1862-ல், 43-வது வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் 17-வது படையில் ஹவ் சேர்ந்தார். அவர் நினைத்திருந்தால் பதவி கிடைத்திருக்கும். சாதாரணச் சிப்பாயாகவே சேர்ந்தார். கால் ஊனமானதால் படைக்குத் தபால் கொண்டு வந்து கொடுக்கும் வேலையைப் பார்த்தார். சிப்பாய்களுக்குச் சம்பளம் வரத் தாமதமாயிற்று. குடும்பங்கள் தவிக்குமே என்று தம் சொந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தார். வறுமை இன்னதென்று அவருக்குத் தெரியும்.

1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிரெஞ்சு சர்க்கார் தன் உயர்ந்த விருதையும் அளித்தது. அதே வருஷம் செப்டம்பரில் பேடண்டின் காலம் முடிந்தது. ஊசியும் நாடாவும் உலகத்தின் பொதுச் சொத்து ஆயின. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 3-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் எலியாஸ் ஹவ் காலமானார். வயது 48.

அங்கே கிரீன்வுட் என்ற இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அதே இடுகாட்டில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் வால்ட்டர் ஹன்ட். 1858-ல் சிங்கர் ஹன்டுக்கு 50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் கைக்கு வருமுன் 1859-ல் ஹன்ட் இறந்துவிட்டார்.

இருவருமே அறிவாளிகள். இருவருமே ஒரே வழியைக் கண்டார்கள். முந்திக் கண்டவர் ஹன்ட். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பு பரணில் துருப்பிடித்தது. ஹவ் தம் கண்டுபிடிப்பை எழுதி வைத்தார். பட்டினி கிடந்தபோதும், அடகு வைத்தபோதும், அந்த எழுத்தை அவர் கைவிடவில்லை.

1846-ம் வருஷத்து அந்த 4750-ம் எண் பத்திரத்தை இன்று கணினியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். படமும் இருக்கிறது. புதிதாக ஒன்று செய்ய நினைப்பவர்கள் முதலில் இப்படிப் பழைய பத்திரங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். முன்னோர் எதுவரை வந்தார்கள் என்று தெரிந்தால்தான், அதற்கு மேல் எங்கே அடி எடுத்து வைக்கலாம் என்பது தெரியும். நல்ல யோசனை தோன்றினால் தள்ளிப் போடாமல் எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்து நமக்கும் காவல், பின்னால் வருகிறவர்களுக்கும் வழிகாட்டி.